மரப் புறவுறை மாற்றமும் மீள்பயன்பாடும்

மரப் புறவுறை என்பது, மரச் சட்டகத்தால் கட்டப்பட்ட வீடுகளின் வெளிச்சுவர்களை மழை, வெயில், காற்று ஆகியவற்றிலிருந்து காப்பதற்காக அச்சுவர்களின் வெளிப்பக்கத்தில் அறையப்படும் பலகைகளால் ஆன உறை ஆகும். வட அமெரிக்காவில் இது சைடிங் என அழைக்கப்படுகின்றது. பழுதடைந்த பலகைகளைக் கழற்றிவிட்டு வேறு உறை இடுவது புறவுறை மாற்றம் எனப்படும். கழற்றிய பலகைகளைக் குப்பை நிரப்பிடத்துக்கு அனுப்பாமல் மீண்டும் பயன்படுத்துவது மீள்பயன்பாடு ஆகும்.

ஐக்கிய அமெரிக்காவில் 1940 ஆம் ஆண்டுக்கு முன்னர் கட்டப்பட்ட வீடுகளின் புறவுறைப் பலகைகளிற் பல, முதிர்ந்த இயற்கைக் காடுகளில் வெட்டப்பட்ட மரங்களிலிருந்து கிடைத்தவை. அத்தரத்து மரம் இன்று புதிதாகக் கிடைப்பது அரிது. அதே வேளை, அப்பலகைகளின் மேலுள்ள பழைய வண்ணப்பூச்சில் பெரும்பாலும் ஈயம் கலந்துள்ளது. மதிப்புள்ள மரமும் நச்சுப் பூச்சும் ஒரே பலகையில் சேர்ந்திருப்பதே இப்பணியை எளிய தச்சு வேலையிலிருந்து வேறுபடுத்துகின்றது. இக்கட்டுரை ஐக்கிய அமெரிக்காவின் நடைமுறையை முதன்மையாகக் கொண்டு இப்பொருளை விளக்குகின்றது.

சுவரின் அமைப்பு

செங்கல் அல்லது கருங்கல் சுவர்களில், சுமையைத் தாங்குவதும் மழையைத் தடுப்பதும் ஒரே சுவராகும். மரச் சட்டக வீடுகளில் இவ்விரு பணிகளும் வெவ்வேறு உறுப்புகளுக்கு உரியவை. கூரையின் சுமையை, பொதுவாக 40 சென்ரிமீட்டர் இடைவெளியில் நிறுத்தப்பட்ட செங்குத்துச் சட்டங்கள் தாங்குகின்றன. இச்சட்டங்களின் மேல் அடிப்பலகைகள் அறையப்பட்டு, அவற்றின்மீது நீர் புகாத தாள் விரிக்கப்படுகின்றது. எல்லாவற்றுக்கும் வெளியே அமைவதே புறவுறை. மிகப் பழைய வீடுகள் சிலவற்றில் அடிப்பலகையோ தாளோ இல்லாமல், புறவுறை நேரடியாகச் சட்டங்களின்மேல் அறையப்பட்டிருப்பதும் உண்டு.

புறவுறை பொதுவாகக் கட்டிடத்தின் சுமையைத் தாங்குவதில்லை. ஆகையால் வீட்டில் மக்கள் வசித்துக் கொண்டிருக்கும்போதே, சுவர் சுவராக அதனைக் கழற்றி மாற்ற முடிகின்றது.

வகைகள்

- ஆப்புப் பலகை: மேல்விளிம்பு மெல்லியதாகவும் கீழ்விளிம்பு தடித்ததாகவும் அறுக்கப்பட்ட பலகை. ஒவ்வொரு பலகையும் தனக்குக் கீழுள்ள பலகையின் மேல்விளிம்பை மூடியவாறு கிடையாக அறையப்படும். ஆங்கிலத்தில் இது கிளாப்போர்டு எனப்படும். பீப்பாய் செய்வதற்கான பலகையைக் குறித்த கீழ் ஜெர்மன் மொழிச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது.
- படிவெட்டுப் பலகை: இரு விளிம்புகளிலும் படிபோல் வெட்டப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்று படியும் பலகை. இதன் ஆங்கிலப் பெயர் ஷிப்லாப்.
- நாக்குக் காடிப் பலகை: ஒரு விளிம்பில் நாக்கும் மறு விளிம்பில் காடியும் உடையது. ஒன்றுக்குள் ஒன்று செருகிப் பொருத்தப்படும்.
- பலகையும் பட்டியும்: அகலமான பலகைகளைச் செங்குத்தாக அறைந்து, இடையிலுள்ள இடுக்குகளை ஒடுங்கிய பட்டிகளால் மூடும் முறை.
- மரச் சில்லு: கூரை ஓடு போலச் சிறு துண்டுகளாக அடுக்கி அறையப்படுவது.

வரலாறு

17 ஆம் நூற்றாண்டில் நியூ இங்கிலாந்துப் பகுதியில் குடியேறிய ஆங்கிலேயர், தம் நாட்டின் தென்கிழக்குப் பகுதியில் வழக்கிலிருந்த பலகை உறையைத் தம்முடன் கொண்டு வந்தனர். மரம் மலிந்திருந்த புதிய நிலத்தில் இம்முறை விரைவாகப் பரவியது. மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் டெடம் நகரில் உள்ள ஃபேர்பாங்க்ஸ் வீடு, வட அமெரிக்காவில் எஞ்சியுள்ள மரச் சட்டக வீடுகளுள் மிகப் பழையதாகக் கருதப்படுகின்றது. அது 1637 - 1641 காலப்பகுதியில் கட்டப்பட்டது.

தொடக்கத்தில் பலகைகள் மரத்துண்டைப் பிளந்து கையாற் செய்யப்பட்டன. 19 ஆம் நூற்றாண்டில் நீராவி மர ஆலைகளும், இயந்திரத்திற் செய்த மலிவான ஆணிகளும், தொடருந்துப் பாதைகளும் பெருகியபோது மர வீடுகள் நாடெங்கும் எழுந்தன. 1830களில் சிக்காகோப் பகுதியில் பரவத் தொடங்கிய மெல்லிய சட்டகக் கட்டுமான முறை இதற்கு மேலும் துணைபுரிந்தது.

20 ஆம் நூற்றாண்டில் மாற்றுப் பொருள்கள் அறிமுகமாயின. 1920கள் முதல் 1970கள் வரை கல்நார் கலந்த சிமெந்துத் தகடுகளும், இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அலுமினியத் தகடுகளும், 1950களின் இறுதியிலிருந்து வினைல் எனப்படும் பிவிசி நெகிழித் தகடுகளும் விற்பனைக்கு வந்தன. இனி வண்ணம் பூச வேண்டியதில்லை என்பதே இவற்றின் விற்பனை வாசகமாக இருந்தது. வீடு வீடாகச் சென்று அலுமினிய உறை விற்றவர்களின் ஏமாற்று முறைகள் பெயர் பெற்றவை. 1987 ஆம் ஆண்டில் வெளியான டின் மென் என்னும் திரைப்படம் பால்ட்டிமோர் நகரின் இத்தகைய விற்பனையாளர்களைப் பற்றியது. 1990களின் நடுப்பகுதியில், புதிய தனி வீடுகளின் வெளிச்சுவர்ப் பொருள்களுள் வினைல் முதலிடத்தைப் பெற்றது.

இத்தகடுகள் பல இடங்களில் பழைய மரத்தை அகற்றாமல் அதன் மேலேயே அறையப்பட்டன. இதனால் இன்று ஒரு பழைய வீட்டின் நெகிழி உறையைக் கழற்றும்போது, அதன் அடியில் நூறாண்டு பழைமையான ஆப்புப் பலகைகள் அப்படியே வெளிப்படுவது உண்டு.

பழைய மரத்தின் தன்மை

புறவுறைக்குக் கிழக்கு வெண்பைன், மேற்குச் செந்தேவதாரு, கடலோரச் செம்மரம், மொட்டைச் சைப்பிரசு, டக்ளஸ் ஃபிர் ஆகிய மரங்கள் பெரிதும் பயன்பட்டன. அடர்ந்த காட்டின் நிழலில் மெதுவாக வளர்ந்த மரத்தில் ஆண்டு வளையங்கள் நெருக்கமாக அமைகின்றன. மரம் பருத்ததாகையால், கணுவில்லாத, வைரம் பாய்ந்த நீண்ட பலகைகளை அதிலிருந்து அறுக்க முடிந்தது. செந்தேவதாரு, செம்மரம் போன்றவற்றின் வைரப்பகுதியில் உள்ள இயற்கை வேதிப்பொருள்கள் பூஞ்சைகளையும் பூச்சிகளையும் எதிர்க்கின்றன. வெளிமரத்துக்கு இவ்வாற்றல் இல்லை.

தோட்ட முறையில் விரைவாக வளர்க்கப்பட்டு, இளமையிலேயே வெட்டப்படும் மரத்தில் வெளிமரத்தின் பங்கு அதிகம். அதன் வளையங்கள் அகன்றவை. கணுக்களும் மிகுதி. இத்தகைய பலகைகள் ஈரத்தில் கூடுதலாக உப்பி, வெயிலில் கூடுதலாக வளையக் கூடியவை. வண்ணப்பூச்சும் அவற்றில் குறைந்த காலமே நிலைக்கின்றது.

கலிபோர்னியாவின் கடலோரச் செம்மரக் காடுகளில், வெட்டப்படாத முதிர்காடாக எஞ்சியிருப்பது ஏறத்தாழ 5% மட்டுமே. மீதமுள்ளவற்றிற் பெரும்பகுதி பாதுகாக்கப்பட்டுள்ளது. ஆகவே அத்தகைய மரத்தை அறுவடை செய்யக்கூடிய இடமாக இன்று காட்டைவிடப் பழைய கட்டிடங்களையே கருத வேண்டியுள்ளது.

பழுதடைவதற்கான காரணங்கள்

மரம் முதுமையால் மட்டும் உளுத்துப் போவதில்லை. தொடர்ந்த ஈரமே அதனை அழிக்கின்றது. மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சைகள் வளரத் தொடங்குவதற்கு, மரத்தின் ஈரப்பதம் ஏறத்தாழ 28 முதல் 30 விழுக்காட்டை எட்ட வேண்டும். 20 விழுக்காட்டுக்குக் கீழ் வைத்திருந்தால் மரம் நெடுங்காலம் நிலைக்கும். ஈரம் தேங்குவதற்குப் பொதுவான காரணங்கள் பின்வருமாறு:

- கூரைத் தாழ்வாரத்தின் நீர்ப்பீலி அடைபட்டு, நீர் சுவரில் வழிதல்
- பலகையின் அடிவிளிம்பு மண்ணைத் தொட்டிருத்தல், அல்லது மிக அருகில் இருத்தல்
- சன்னல், கதவு ஆகியவற்றின் மேல்விளிம்பில் உலோகத் தகட்டு மறைப்பு இல்லாதிருத்தல்
- சமையலறை, குளியலறை ஆகியவற்றின் நீராவி சுவரினூடாக வெளியேறிப் பலகையின் பின்புறத்தில் படிதல்
- செடிகொடிகள் சுவரை ஒட்டி வளர்ந்து, உலர விடாமல் தடுத்தல்

இக்காரணங்களை நீக்காமல் பலகையை மட்டும் மாற்றினால், புதிய பலகையும் அதே இடத்தில் பழுதடையும். பழுதடைந்த மரத்தின் மேலே தகடு அறைந்து மூடுவது இன்னும் தீங்கானது. நீர் உள்ளே புகுவது நிற்காது. அதனால் ஏற்படும் கேடு மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ஐக்கிய அமெரிக்காவின் தேசியப் பூங்காச் சேவை வெளியிடும் பழங்கட்டிடப் பாதுகாப்புக் குறிப்புகளுள் எட்டாவது, அலுமினிய, வினைல் உறைகளைப் பற்றியது. இத்தகடுகள் கீழுள்ள பழுதை மறைத்து வளரவிடக் கூடும் என அது எச்சரிக்கின்றது.

மாற்றுவதா, பழுது பார்ப்பதா?

ஒரு சுவரின் வண்ணம் முழுவதும் உரிந்திருந்தாலும், அதன் பலகைகள் யாவும் பழுதடைந்துவிட்டன என்று பொருளல்ல. குத்தூசியாற் பலகையைக் குத்திப் பார்ப்பது எளிய சோதனையாகும். ஊசி எளிதில் ஆழமாக இறங்கினாலோ, மரம் சிறு கட்டிகளாக உதிர்ந்தாலோ அப்பகுதி உளுத்துவிட்டது எனலாம். நல்ல மரத்தை நெம்பினால் அது நீண்ட சிம்புகளாகப் பெயரும். தரைக்கு அருகிலுள்ள வரிசைகள், சன்னல்களின் கீழ்ப்பகுதி, சுவரின் மூலைகள், பலகைகள் முட்டும் இடங்கள் ஆகியவற்றை முதலில் சோதிக்க வேண்டும்.

பிளவுபட்ட பலகையை நீர் தாங்கும் பசையால் ஒட்டலாம். ஒரு முனை மட்டும் கெட்டிருந்தால், அப்பகுதியை அறுத்து நீக்கி அதே மரத்தில் ஒட்டுத்துண்டு பொருத்தலாம். பழுது ஒரு சில வரிசைகளோடு நின்றால் அவற்றை மட்டும் மாற்றுவதே போதுமானது. பெரும்பகுதி உளுத்திருத்தல், அடிப்பலகையும் சட்டமும் கெட்டிருத்தல், சுவருக்குள் நீர்த்தாள் முற்றாக இல்லாதிருத்தல் ஆகிய நிலைகளில் முழு உறையையும் கழற்றுவது நியாயமாகின்றது.

ஈயமும் கல்நாரும்

ஐக்கிய அமெரிக்காவில் வீட்டு வண்ணங்களில் ஈயம் 1978 ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டது. அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீட்டின்படி ஈய வண்ணம் காணப்படும் வீடுகளின் பங்கு பின்வருமாறு:

- 1940 ஆம் ஆண்டுக்கு முன் கட்டப்பட்டவை: 87%
- 1940 முதல் 1959 வரை கட்டப்பட்டவை: 69%
- 1960 முதல் 1977 வரை கட்டப்பட்டவை: 24%

ஈயத் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கின்றது. குறிப்பாக ஆறு வயதுக்குட்பட்டோர், மண்ணிலும் தரையிலும் படிந்த தூளைக் கைவழியாக உட்கொள்கின்றனர். பாதுகாப்பானது எனக் கூறத்தக்க ஈய அளவு எதுவும் இல்லை.

2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, 1978 ஆம் ஆண்டுக்கு முற்பட்ட வீடுகளில் வெளிப்புறத்தில் 20 சதுர அடிக்கு மேல் வண்ணப்பூச்சைக் கலைக்கும் வேலையைக் கூலிக்குச் செய்வோர், சான்றிதழ் பெற்றிருத்தல் வேண்டும். வீடு முழுவதற்கும் இவ்வரம்பு எளிதில் தாண்டப்படும். சுவரின் அடியிலிருந்து குறைந்தது 10 அடி தூரத்துக்குத் தரையில் நெகிழி விரிப்பு இடப்பட வேண்டும். திறந்த தீச்சுவாலையால் வண்ணத்தை எரித்தல், 593 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பக் காற்றைப் பயன்படுத்தல், நுண்தூசு வடிகட்டி இல்லாத இயந்திரத்தால் தேய்த்தல் ஆகியவை தடை செய்யப்பட்டுள்ளன. தாம் வாழும் சொந்த வீட்டில் தாமே வேலை செய்வோருக்கு இவ்விதிகள் பொருந்துவதில்லை. எனினும் ஈயத் தூளின் தீங்கு இரு சாராருக்கும் ஒன்றே.

கல்நார்ச் சிமெந்துத் தகடுகள் உடையாமல் இருக்கும்வரை, அவற்றிலிருந்து நார்கள் பெரும்பாலும் வெளியாவதில்லை. உடைத்தல், அறுத்தல், துளையிடல் ஆகியவற்றின்போது வெளியாகும் நுண்ணிய நார்கள் நுரையீரல் நோய்களையும் புற்றுநோயையும் உண்டாக்குகின்றன. மரத்தின் மேல் இத்தகடுகள் இருப்பின், பயிற்சி பெற்றோரைக் கொண்டு, நனைத்த நிலையில், முழுத் தகடுகளாக அவற்றைக் கழற்றிய பின்னரே மர மீட்பைத் தொடங்க வேண்டும்.

கழற்றும் முறை

ஆப்புப் பலகைச் சுவரில் மேல் வரிசைப் பலகை, கீழ் வரிசைப் பலகையின் விளிம்பை மூடியிருக்கும். ஆகையால் வேலை கூரைத் தாழ்வாரத்தில் தொடங்கிக் கீழ்நோக்கிச் செல்லும். ஒரு வரிசையைக் கழற்றியதும் அடுத்த வரிசையின் மேல்விளிம்பு வெளிப்படுகின்றது. அடுக்கியவர் கீழிருந்து மேலே சென்றார். கழற்றுபவர் மேலிருந்து கீழே வருகின்றார்.

முதலில், பலகைகளின் இடுக்குகளில் படிந்து இறுகிய வண்ணப்பூச்சைக் கத்தியாற் கீறி விடுவிக்க வேண்டும். இதனைச் செய்யாவிடின் பலகையின் விளிம்பு பிளக்கும். பின்னர் தட்டையான நெம்புகோலைப் பலகையின் அடிவிளிம்பில், ஆணிக்கு மிக அருகில் செருகிச் சிறிது தூக்க வேண்டும். பலகையை மீண்டும் மெல்ல அமுக்கினால் ஆணியின் தலை வெளியே எழும். அதனை ஆணிபிடுங்கியால் எடுக்கலாம். வராத ஆணியை, பலகைக்குப் பின்னால் மெல்லிய இரும்பறுக்கும் வாளைச் செலுத்தி அறுத்துவிடலாம். ஒரே முனையில் நெம்பாமல் ஆணி ஆணியாக நகர்ந்து, பலகை முழுவதையும் சமமாகத் தளர்த்துவது முறை. மிகக் குளிர்ந்த நாட்களில் உலர்ந்த மரம் எளிதிற் பிளப்பதால், மிதமான காலநிலையில் வேலை செய்வது நல்லது.

ஆணிகள் வீட்டின் காலத்தை அறியவும் உதவுகின்றன. செவ்வக வெட்டுமுகமுடைய வெட்டாணிகள் 19 ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் 1890 வரை பயன்பட்டன. அதன் பின்னர் வட்டமான கம்பியாணிகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. ஒரு சுவரில் இரு வகைகளும் காணப்பட்டால், அச்சுவரின் ஒரு பகுதி பின்னர் மாற்றப்பட்டிருக்கலாம் என ஊகிக்கலாம்.

ஆணி நீக்கலும் தரம் பிரித்தலும்

பலகையில் எஞ்சிய ஆணிகளை முகப்பிலிருந்து அடித்துத் தள்ளாமல், குறடு கொண்டு பின்புறமாக இழுத்தெடுத்தால் முகப்பின் சேதம் குறையும். தலையுள்ள பெரிய ஆணிகளுக்கு மட்டும் பின்புறத்திலிருந்து தட்டும் முறை பொருந்தும். இயந்திர வாளிலோ இழைப்பியிலோ இடும் முன்னர் ஒவ்வொரு பலகையையும் உலோகங்காணியால் சோதிக்க வேண்டும். மரத்துக்குள் ஒடிந்து நிற்கும் ஆணி, வாளின் பற்களை முறிப்பதுடன் வேலை செய்பவரையும் காயப்படுத்தக் கூடும்.

பின்னர் பலகைகள் நீளம், மரவகை, பழுதின் அளவு என்பவற்றின்படி பிரிக்கப்படுகின்றன. மழைபடாத இடத்தில், தரையிலிருந்து உயர்த்தி, வரிசைகளுக்கு இடையே காற்றோடுமாறு சிறு கட்டைகள் வைத்து அடுக்க வேண்டும். ஈய வண்ணமுள்ள பலகைகளைத் தனியே குறியிட்டு, நெகிழித் தாளால் மூடி வைப்பது அவசியம். எந்தச் சுவரிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைப் பின்புறத்தில் எழுதி வைத்தால், மீண்டும் பொருத்தும்போது வேலை எளிதாகும்.

மீள்பயன்பாடுகள்

சிறந்த மீள்பயன்பாடு, பலகை அதே வீட்டின் சுவருக்கே திரும்புவதாகும். நான்கு சுவர்களிலும் கிடைத்த நல்ல பலகைகளைத் திரட்டித் தெருவை நோக்கிய முகப்பில் அறைந்து, பின்பக்கச் சுவருக்குப் புதிய பலகை வாங்குவது வழக்கில் உள்ள ஒரு முறை. இதனால் மரவகை, தடிப்பு, பலகை தெரியும் அகலம் ஆகியவை முகப்பில் ஒத்திருக்கின்றன. ஏனைய பயன்பாடுகள் வருமாறு:

- அதே காலத்தைச் சேர்ந்த பிற வீடுகளைப் பழுது பார்த்தல்
- தோட்டக் கொட்டகை, வாகனக் கொட்டகை ஆகியவற்றின் சுவர்கள்
- வண்ணம் முற்றாக நீக்கப்பட்ட பின் உட்சுவர், உட்கூரைப் பலகைகள்
- அலமாரியின் பின்பலகை, பெட்டி, படச்சட்டம் போன்ற சிறு தச்சு வேலைகள்

2013 ஆம் ஆண்டில் தொடங்கிய ஃபிக்சர் அப்பர் என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர், டெக்சாஸ் வீடுகளில் காணப்பட்ட படிவெட்டுப் பலகைகளை உட்சுவர் அலங்காரமாக நாடெங்கும் பரவச் செய்தது. பழைய பலகைகளுக்கான தேவையும் இதனுடன் வளர்ந்தது.

சில பயன்பாடுகள் தவிர்க்கப்பட வேண்டியவை. ஈய வண்ணம் பூசப்பட்ட பலகையைக் குழந்தைகளின் கட்டில், விளையாட்டுப் பொருள், உணவுப் பலகை, காய்கறிப் பாத்தியின் வரம்பு ஆகியவற்றுக்குப் பயன்படுத்தலாகாது. அதனை அடுப்பில் எரித்தால் புகையிலும் சாம்பலிலும் ஈயம் சேரும். உரிந்த வண்ணத்துடன் கூடிய பலகையைப் பழைமை அழகுக்காக அப்படியே உட்சுவரில் அறைவதும் தீங்கானது. ஈய வண்ணத்தை நேரடியாக இழைத்தெடுப்பது மிகுதியான தூளை எழுப்பும். வேதிப்பொருள் அல்லது அகச்சிவப்பு வெப்பத்தால் வண்ணத்தை இளக்கி, ஈரமாக வழித்தெடுத்த பின்னரே மரத்தை இழைக்க வேண்டும். மெல்லிய புறவுறைப் பலகைகளைச் சுமை தாங்கும் உறுப்புகளாகப் பயன்படுத்துவதும் பொருந்தாது.

புதிய உறை இடுதல்

பழைய உறையைக் கழற்றிய நேரம், சுவரின் உட்புறத்தைச் சீர் செய்யக் கிடைக்கும் அரிய வாய்ப்பாகும். கெட்ட சட்டங்களை மாற்றலாம். சட்டங்களின் இடையே வெப்பக்காப்பு நிரப்பலாம். நீர்த்தாளைப் புதிதாக விரிக்கலாம். தாளின் மேல் மெல்லிய செங்குத்துப் பட்டிகளை அறைந்து அவற்றின்மேல் பலகையைப் பொருத்தினால், பலகையின் பின்னால் ஏறத்தாழ 10 முதல் 19 மில்லிமீட்டர் வரையான காற்றிடைவெளி உண்டாகும். உட்புகும் நீர் இவ்விடைவெளியினூடாக வடிந்து, பலகை இருபுறமும் உலர்கின்றது.

மீட்ட பலகையாயினும் புதிய பலகையாயினும், முன்புறம், பின்புறம், அறுத்த முனைகள் ஆகிய எல்லாப் பக்கங்களிலும் அடிப்பூச்சுப் பூசப்பட வேண்டும். அடி வரிசைக்கும் தரைக்கும் இடையே குறைந்தது 15 சென்ரிமீட்டர் இடைவெளி இருத்தல் நன்று. ஒரு பலகையின் ஆணி, கீழுள்ள பலகையின் மறைந்த விளிம்பையும் துளைத்துவிட்டால், இரண்டும் சுருங்கி விரிய இயலாமற் பிளக்கும். எனவே ஆணியை அவ்விளிம்புக்குச் சற்று மேலே அறைவது வழக்கம்.

மரத்துக்கு மாற்றாக, சிமெந்து, மணல், மரநார் ஆகியவற்றாலான நார்ச் சிமெந்துப் பலகைகள் பயன்படுகின்றன. இவை தீயையும் கறையானையும் தாங்குவன. ஆனால் எடை மிகுந்தவை. அறுக்கும்போது எழும் சிலிக்காத் தூசு நுரையீரலுக்குத் தீங்கு விளைவிக்கும். வினைல் மலிவானது, எனினும் வெப்பத்தில் நெளிந்துவிடும். சேதமடைந்த தகட்டை மரம்போல் இடத்திலேயே ஒட்டுப்போட்டுச் சீர்செய்ய முடியாது.

சட்டங்களும் சந்தையும்

2018 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் ஏறத்தாழ 600 மில்லியன் அமெரிக்கத் தொன் கட்டுமான, இடிப்புக் கழிவு உருவானது. இது அவ்வாண்டின் நகராட்சித் திண்மக் கழிவைப்போல் இரு மடங்குக்கும் அதிகமாகும். இதில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டது இடிப்பினால் வந்தது. உலர்ந்த மரத்தின் நிறையில் ஏறத்தாழப் பாதி கரிமம். மரம் பயன்பாட்டில் இருக்கும்வரை இக்கரிமம் அதிலேயே தங்கியிருக்கும்.

ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரம், பழைய வீடுகளை இயந்திரத்தால் இடிக்காமல் கையாற் பிரித்தெடுக்க வேண்டும் என்னும் விதியை அந்நாட்டில் முதன்முதலாகக் கொண்டு வந்தது. 2016 அக்டோபர் 31 முதல் நடைமுறைக்கு வந்த இவ்விதி, தொடக்கத்தில் 1916 ஆம் ஆண்டிலோ அதற்கு முன்னரோ கட்டப்பட்ட வீடுகளுக்குப் பொருந்தியது. 2020 ஆம் ஆண்டில் இவ்வரம்பு 1940 ஆம் ஆண்டாக விரிவாக்கப்பட்டது. கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோ நகரம் 2020 ஆம் ஆண்டிலும், டெக்சாசின் சான் அன்டோனியோ நகரம் 2022 ஆம் ஆண்டிலும் பிரித்தெடுப்பு விதிகளை நடைமுறைப்படுத்தின.

மீட்ட பொருள்களை வாங்கி விற்கும் கடைகள் பல நகரங்களில் உள்ளன. ஹாபிட்டாட் ஃபார் ஹியூமானிட்டி என்னும் வீடமைப்புத் தொண்டு நிறுவனத்தின் ரீஸ்டோர் கடைகள் இவற்றுள் பரவலானவை. முதற்கடை 1991 ஆம் ஆண்டில் கனடாவின் வினிப்பெக் நகரில் திறக்கப்பட்டது.

கையாற் பிரித்தெடுப்பதற்குக் கூலியும் நாட்களும் அதிகம் தேவைப்படுவதே இம்முறைக்கு எதிராகக் கூறப்படும் முதன்மையான வாதம். ஈய வண்ணத்தை நீக்கும் செலவு, சாதாரண பலகையின் மதிப்பை மிஞ்சவும் கூடும். இதனால் மீட்பவர்கள் எல்லாப் பலகைகளையும் காப்பாற்ற முயல்வதில்லை. கணுவற்ற நீண்ட வைரப் பலகைகளுக்கு முதலிடம் அளிக்கின்றனர். கழற்றத் தேவையில்லாத பலகையைச் சுவரிலேயே விட்டுவைத்து வண்ணம் பூசிப் பேணுவது, மீட்பைக் காட்டிலும் செலவு குறைந்தது, மரத்துக்கும் சேதமற்றது.

இவற்றையும் பார்க்கவும்

- மரச் சட்டகக் கட்டுமானம்
- தச்சு வேலை
- ஈய நச்சுமை
- கல்நார்
- கட்டிடப் பாதுகாப்பு